முலாம் பட்டறை வீடு

"மொதல்ல நீ சாப்பிடு," என்றான் மகன்.

தட்டு மேசைமேல் இருந்தது. மருமகள் நின்றபடியே அதிலிருந்து ஒரு வாய் சோற்றைப் பிசைந்து போட்டுக்கொண்டாள். பிறகு காயில் ஒரு துண்டு, முட்டையில் ஒரு விள்ளல். அவள் விழுங்குகிறாளா என்று அவள் தொண்டையையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். "தண்ணி," என்றான். அதிலும் ஒரு மிடறு குடித்துக் காட்டினாள். அதற்குப் பிறகும் அவன் உடனே தட்டில் கை வைக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அவள் சுருண்டு விழவில்லை என்று நிச்சயமான பின்தான் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

அந்தச் சோற்றை வடித்தவள் அவனைப் பெற்றவள். காயை நறுக்கியதும் முட்டையை அவித்ததும் அவள்தான். மருமகளை அடுப்புப் பக்கமே இப்போது விடுவதில்லை. தான் ஆக்கிப் போட்டதில் மருமகள் எப்போது எதைக் கலந்துவிடுவாள் என்று மகனிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த தடவை சோறு கேட்பானா என்று நின்றாள்.

அவளை அந்தத் தெருவில் முதலாளியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கடைத்தெருக் கோடியில் இருக்கும் முலாம் பட்டறை அவள் புருஷன் தொடங்கியது. துருப்பிடித்த குழாய், வண்டியின் புகைக்குழல், கதவின் கைப்பிடி என்று எது வந்தாலும் ஆசிட்டில் முக்கி அழுக்கெடுத்து, முலாம் தொட்டியில் இறக்கி, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கி அனுப்புவார்கள். புருஷன் செத்தபின் மகன் முதலாளியானான். பத்தாவதோடு படிப்பை விட்டவன் என்றாலும் தொழிலில் கெட்டிக்காரன். தொட்டியை எட்டிப் பார்த்தே இன்னும் எவ்வளவு நேரம் கிடக்க வேண்டும் என்று சொல்லிவிடுவான்.

பெண் பார்க்கப் போனபோது பெண் கல்லூரியில் வேதியியல் பட்டப்படிப்பில் இருந்தாள். பெண்ணின் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. படிப்பை முடிக்க விட வேண்டும். தாராளமாகப் படிக்கட்டும் என்று முதலாளியம்மாதான் முந்திக்கொண்டு சொன்னாள். மகனுக்கும் பெருமை தாங்கவில்லை. பட்டறைக்குச் சொந்தமாகவே ஒரு கெமிஸ்ட் வந்தாயிற்று என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

முதல் சில மாதங்கள் வீடு நன்றாகத்தான் இருந்தது. மருமகள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பாடத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். கரிமம், கனிமம், இயற்பியல் வேதியியல் என்று அந்தப் படிப்புக்குள்ளேயே பிரிவுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி வாத்தியார், தனிப் புத்தகம். கார்பனுக்கு நாலு கை என்று அவள் ஒருநாள் சொன்னபோது, நாலு கை இருந்தால் பாத்திரம் தேய்க்க உதவுமே என்றாள் முதலாளியம்மா. மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இன்னொரு நாள் உப்புத் தண்ணீரில் நனைத்த கம்பியை அடுப்பில் காட்டி, நீலச் சுவாலை மஞ்சளாவதைக் காண்பித்தாள். சாப்பாட்டு உப்புக்கு மஞ்சள், தாமிர உப்பென்றால் பச்சை. பரீட்சையில் பெயர் சொல்லாமல் ஒரு பொடியைக் கொடுப்பார்களாம். சூடாக்கி, கரைத்து, ஆசிட் விட்டு, கிளம்புகிற வாசனையையும் தங்குகிற வண்டலையும் பார்த்து, அது இன்னது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம்.

"தப்பாச் சொல்லிட்டா?"

"திரும்பவும் முதல்லேருந்து பண்ணணும் அத்தை. பொடி பொய் சொல்லாது. நாமதான் சரியாப் பாத்திருக்க மாட்டோம்."

முதலாளியம்மாவுக்கு அது பிடித்திருந்தது. இவள் தினமும் விஷத்தோடெல்லாம் புழங்கிவிட்டு வருகிறாள், பயமே இல்லை என்று மகனிடம் ஒருநாள் பெருமையாகச் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

வினை பட்டறையில் தொடங்கியது. ஒரு மத்தியானம் மாமியாரும் மருமகளும் சாப்பாடு எடுத்துக்கொண்டு அங்கே போனார்கள். மருமகள் அதற்குமுன் உள்ளே வந்ததில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தவள், சயனைடு கலந்த முலாம் தொட்டிக்கு மேலே இருந்த பலகையில் ஆசிட் கேன்கள் வரிசையாக நிற்பதைக் கண்டதும் நின்றுவிட்டாள். "ஏங்க, இது ரெண்டும் கிட்ட இருக்கக் கூடாதுங்க. ஒரு கேன் கவுந்து தொட்டியில விழுந்தா கிளம்புற காத்து ஆளையே கொன்னுடும். ஆசிட்டை வேற ரூமுக்கு மாத்திடுங்க," என்றாள். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் வேலையாட்கள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வயதான ஆள், தொட்டிக்காரர், மெதுவாகத் தலையாட்டினார். பின்னால் யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

மகன் சாப்பாட்டை வாங்கி வைத்துக்கொண்டு அவர்களை அனுப்பிவைத்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தவளின் கூந்தலைப் பிடித்துச் சுவரில் மோதினான். எனக்கே பாடம் நடத்துறியா என்று கேட்டுக் கேட்டு அடித்தான். அவள் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து, மடித்து வைத்த துணியெல்லாம் கறையானது.

முதலாளியம்மா தன் அறைக்குப் போய்ப் படுத்தாள். அவளுக்கு ஒரு காதுதான் கேட்கும். இடது காது புருஷன் விட்ட ஓர் அறையில் போனது. கல்யாணமான புதிதில் காப்பி ஆறிப்போயிருந்ததற்கு விட்ட அறை அது. கேட்கிற காதைத் தலையணையில் அழுத்திப் படுத்துக்கொண்டால் உலகமே ஓய்ந்துவிடும். புருஷன் இருந்த காலத்தில், தான் அடி வாங்கி முடித்தபின் அப்படிப் படுப்பாள். இப்போது மருமகள் அடி வாங்கும்போதே படுத்துக்கொண்டாள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தாள். அப்படி நினைத்துத்தான் அவளும் ஒரு ஆயுளை ஓட்டியிருந்தாள்.

சரியாகவில்லை. ஒருமுறை கை நீட்டியவனுக்கு அதற்குப் பிறகு காரணம் தேவைப்படவில்லை. பஸ் தாமதமாக வந்தால் அடி, பாடத்தை வாய்விட்டுச் சொன்னால் அடி, வாய்க்குள் முணுமுணுத்தால் என்னைத் திட்டுகிறாயா என்று அதற்கும் அடி. ஆய்வகத்துக்குப் போட்டுப் போகும் வெள்ளைக் கோட்டைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினான். அவள் தோழியிடம் கேட்டு வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். அப்புறம் அவனுக்கு ஒருநாள் வயிற்றைக் கலக்கியது. கடைத்தெருவில் கண்டதைத் தின்றதன் பலன் அது. ஆனால் அம்மா சொன்ன விஷக் கதை அவனுக்கு அப்போது சரியாக நினைவு வந்தது. அன்று தொடங்கியதுதான் இந்த ருசி பார்க்கும் வேலை.

மருமகள் ஒரு தடவை பிறந்த வீட்டுக்குப் போனாள். அப்பா அவள் முகத்திலிருந்த கன்றலைப் பார்த்தார். பரீட்சை முடிகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொள் என்று சொல்லி அவரே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். போகும்போது மாப்பிள்ளையிடம் மன்னிப்பும் கேட்டார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கடைசி வருஷச் செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் அது நடந்தது. பட்டறையில் பலகை முறிந்து ஆசிட் கேன் கவிழ்ந்து சயனைடு தொட்டிக்குள் போனது. பக்கத்தில் நின்ற தொட்டிக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை, நின்ற இடத்திலேயே மடங்கினார். வாசலோரம் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய்க் காலைப் பிடித்து அவரை வெளியே இழுத்துப் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். மனுஷனுக்கு நினைவு மட்டும் சரியாகத் திரும்பவில்லை. வீட்டில் பட்டினி கிடக்க ஆறு ஜீவன்கள் இருந்தன.

மகன் வீட்டுக்கு வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. விசாரிக்க அதிகாரிகள் வருகிறார்கள் என்றான். கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து, பல மாதங்களாகப் பேசாத குரலில் தணிவாகப் பேசினான். படிக்கிற பெண், பட்டறைக்கு வந்தாள், ஆர்வக்கோளாறில் எதையோ கலந்து பார்த்தாள் என்று அவளே சொல்லிவிட வேண்டும். பெண்பிள்ளை, மாணவி, அவளை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். அவனைப் பிடித்தால் பட்டறையையே இழுத்து மூடிவிடுவார்கள்.

மருமகள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "ஆசிட்டை மாத்தச் சொன்னேன். நீங்க மாத்தல," என்றாள்.

"அதைக் கேக்கல. சொல்லுவியா மாட்டியா?"

"நான் செய்யாததைச் செஞ்சேன்னு சொல்ல மாட்டேங்க."

அவன் எழுந்தான். முதலாளியம்மா வழக்கம்போலத் தன் அறைக்கு நகர்ந்தாள். நாலு அடி வைப்பதற்குள் அவன் மருமகளைச் சாமான் அறை வாசலுக்கு இழுத்துப் போய்விட்டதால், தன் அறைக்குப் போகும் வழி அடைபட்டு அவள் அங்கேயே நிற்கவேண்டியதாயிற்று. அதனால்தான் பார்த்தாள். அவன் மருமகளின் வலது கையைப் பிடித்து, கதவின் கீல் பக்கத்து இடுக்கில் விரல்களைச் செருகினான். "இந்தக் கைதானே நாளைக்குப் பரீட்சைக்குப் போகுது," என்றான். முழு உடம்பையும் கொடுத்துக் கதவைச் சாத்தினான்.

விறகு முறிகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் மருமகள் அலறினாள். அவன் கதவைத் திறந்து, மறுபடியும் சாத்தினான்.

முதலாளியம்மா அவன் முதுகில் விழுந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் முழங்கையால் ஒரு இடி இடித்தான். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தமாகத் தரையில் உட்கார்ந்தாள். அந்த இடி அவளுக்குப் பழக்கமானது. அவன் அப்பாவுடையதும் அதே இடிதான், அதே முழங்கை, அதே உயரம். தொட்டிலில் கிடந்தபோது இவன் முழங்கையில் குழி விழும், அதில் முத்தம் கொடுப்பாள்.

மருமகள் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள். விரல்கள் இருக்கவேண்டிய திசையில் இல்லை. ரத்தத்தைப் பார்த்ததும் மகனுக்குக் கோபம் இறங்கிவிட்டது. ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தான், அவனே துண்டால் கையைச் சுற்றினான். ஆட்டோவில் ஏறும்போது அம்மாவின் நல்ல காதுப் பக்கம் குனிந்து, பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொல்ல வேண்டும் என்றான்.

சொல்லிக்கொடுத்திருக்கவே வேண்டாம். அந்த வாக்கியம் அவளுக்கு மனப்பாடம். காது போனபோது அதைச் சொன்னாள். விலா முறிந்தபோது சொன்னாள். முதல் பிள்ளை வயிற்றிலேயே கலைந்தபோதும் அதைத்தான் சொன்னாள். அவள் சொன்னதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஆயுளில் பாதியை அந்தப் பாத்ரூமில்தான் கழித்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் ஒருத்தி துண்டைப் பிரித்தாள். எப்படி ஆயிற்று என்று கேட்டாள். மகன் சொன்னான். டாக்டர் அவனைப் பார்க்கவில்லை; கிழிந்த உதட்டோடு சுவரோரம் நின்ற முதலாளியம்மாவைப் பார்த்தாள்.

"உங்களுக்கு என்னம்மா ஆச்சு? நீங்களும் வழுக்கி விழுந்தீங்களா?"

மருமகள் கண்ணை மூடிக் கிடந்தாள். அவள் தானாக எதையும் சொல்லப்போவதில்லை என்பது முதலாளியம்மாவுக்குத் தெரிந்தது. யார் சொன்னால் யார் நம்புவார்கள் என்பது அந்தப் பெண்ணுக்கும் இதற்குள் தெரிந்துபோயிருக்கும். மகன் நகத்தைக் கடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தான். சின்ன வயதில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் இப்படித்தான் நகத்தைக் கடித்துக்கொண்டு அவள் முந்தானைக்குள் ஒளிவான்.

"யாரும் வழுக்கலை டாக்டரம்மா," என்றாள் முதலாளியம்மா. "கதவு இடுக்குல கையை வச்சு நசுக்கினான். ரெண்டு தடவை. இவன்தான். நான் பெத்தவன்."

அவள் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்தாள். பட்டறையில் ஆசிட் கேனை மாற்றச் சொல்லி மருமகள் எச்சரித்ததையும், தான் அதைக் காதால் கேட்டதையும், விபத்துப் பழியை மகன் அவள் தலையில் போடப் பார்த்ததையும் சொன்னாள். உதட்டு ரத்தம் வழிய வழியச் சொன்னாள். அம்மா, அம்மா என்று மகன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டர் அவனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, வாசலிலிருந்த போலீஸ்காரரைக் கூப்பிட்டாள்.

மறுநாள் செய்முறைத் தேர்வு மருமகள் இல்லாமல் நடந்து முடிந்தது. அவள் அப்போது அறுவைச் சிகிச்சை மேசையில் கிடந்தாள். இரண்டு விரல்கள் இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த பருவத்தில் எழுதலாம் என்று கல்லூரியில் சொன்னார்கள்.

மகன் சில வாரங்கள் உள்ளே இருந்தான். ஜாமீனில் வந்தபோது வீட்டுக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. அவன் துணிமணிகள் இரண்டு பெட்டிகளில் வாசலில் இருந்தன. வரித் தொல்லைக்குப் பயந்து புருஷன் என்றோ வீட்டை அவள் பெயரில் எழுதி வைத்திருந்தான். அந்த மனுஷன் அவளுக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதுவும் அவளுக்காகச் செய்ததில்லை. மகன் கதவைத் தட்டினான், உதைத்தான், அழுதான். அவள் உள்ளே கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளும் அழுதாள். கதவை மட்டும் திறக்கவில்லை.

தெரு சும்மா இருக்குமா? பெற்ற பிள்ளையைப் போலீசில் பிடித்துக் கொடுத்தவள் என்று அவள் முகத்துக்கு நேராகவே பேசினார்கள். மருமகள் மருந்து வைத்து மாமியாரை மயக்கிவிட்டாள், அதுதான் அந்தப் படிப்பு என்றும் பேச்சு கிளம்பியது. பால்காரர் வாசலுக்கு வருவதை நிறுத்தினார். தொட்டிக்காரரின் மனைவி மட்டும் ஒருநாள் வந்து, உள்ளே வராமல், நடந்ததை நடந்தபடி சொன்னதற்காகக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கடைசியில் சமாதானம் பேசப் புருஷனின் அண்ணன் வந்தார். குடும்பத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மகனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, மனைவியை அழைத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். ஓரகத்தி அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேசி முதலாளியம்மா பார்த்ததில்லை.

அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே மருமகள் உட்கார்ந்து, ஜூஸ் குடிக்கிற உறிஞ்சுகுழலை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டு, இடது ஆள்காட்டி விரலால் மேல்முனையை அடைத்து எடுத்து, விரலைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தளர்த்தித் துளித்துளியாக விட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். ஆய்வகத்தில் திரவத்தை அளந்து எடுக்க ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அதை இனி இடது கையால்தான் பிடித்தாக வேண்டும். தண்ணீர் மொத்தமாகக் கொட்டிப்போனது. மறுபடியும் குழலை டம்ளரில் விட்டாள்.

பெரியவர் அவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பையன் திருந்திவிட்டான் என்றார். வழக்கை வாபஸ் வாங்கிவிடலாம், தொட்டிக்காரர் வீட்டை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். முதலாளியம்மா மறுப்பாகத் தலையாட்டியதும் அவருக்குக் குரல் ஏறியது.

"கை நீட்டாத ஆம்பளை எந்த வீட்டுல இருக்கான், சொல்லு பாப்போம். நான் அடிக்கலையா? இதோ உக்காந்திருக்காளே, நேத்துகூட ஒண்ணு வாங்கினா. ஒரு வார்த்தை வாசப்படி தாண்டியிருக்குமா? அதாம்மா குடும்பம்."

முதலாளியம்மா ஓரகத்தியைப் பார்த்தாள். அந்த அம்மாள் புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எந்த இடத்துல அடிச்சாருக்கா?" என்று கேட்டாள் முதலாளியம்மா.

பெரியவர் சிரித்தார். இதென்ன கேள்வி என்றார். ஓரகத்தி தலை நிமிரவில்லை. பிறகு, போர்த்தியிருந்த தலைப்பைத் தானே விலக்கினாள். கழுத்துக்குக் கீழே தோள்பட்டை வரைக்கும் நீலம் பாரித்துக் கிடந்தது. மறுபடியும் மூடிக்கொள்ளவில்லை.

பெரியவர் படக்கென்று எழுந்தார். இந்த வீட்டில் இனி தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்றார். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, "எந்திரி, போகலாம்," என்றார்.

ஓரகத்தி எழுந்தாள். வாசல் பக்கம் போகவில்லை. அறைக்குள் போய் மருமகளுக்கு எதிரில் உட்கார்ந்து, அவள் விரலடியில் குழலின் நுனியிலிருந்து ஒரு சொட்டு திரண்டு தயங்கி விழுவதைப் பார்த்தாள்.

"வர்றியா இல்லையா?" என்றார் அவர்.

"நீங்க போங்க."

"எப்ப வருவே?"

அப்படியொரு கேள்வியை அவர் அதுவரை அவளிடம் கேட்கவேண்டி வந்ததே இல்லை. பதிலுக்காகச் செருப்போடு படியில் நின்றார். அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பாமலே, "தெரியல," என்றாள்.